டிக்கோயாவிலிருந்து கதிர்காமம், யால, தென்கடல்: வேனை எந்தப் பக்கம் இறக்குவது?

டிக்கோயா வேன்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பாதி விபரம் சொன்னால் பாதி பதில்தான் கிடைக்கும்.

வீட்டில் ஒரு பழைய டொல்பின் வேன் இருக்கிறது. போகிறவர்கள் ஏழு பேர்: நான், மனைவி, மகன் (11), மகள் (6), அம்மா, தங்கச்சி, மச்சான். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி, பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறார். ஐந்து நாள் கிடைக்கும். ஏப்ரல் லீவா ஆகஸ்ட் லீவா என்று இன்னும் முடிவு எடுக்கவில்லை.

ஆளுக்கொரு ஆசை. அம்மாவுக்குக் கதிர்காமம். அந்தக் காலத்தில் தோட்டத்தில் எல்லோரும் காசு சேர்த்து, விரதம் இருந்து, லொறி பிடித்துப் போவார்களாம். அம்மா கடைசியாகப் போனது நான் பிறப்பதற்கு முன்னால். மகனுக்கு யாலவில் சிறுத்தை பார்க்க வேண்டும், பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் பார்த்த நாளிலிருந்து இதே பேச்சு. மனைவிக்கும் மகளுக்கும் கடல். எனக்கு ஹோர்ட்டன் சமவெளி. இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு இதுவரை போனதில்லை.

இப்போதைக்கு மனதில் இருக்கிற திட்டம் இது. முதல் நாள் விடியற்காலையில் புறப்பட்டு, நுவரெலியா வழியாக ஹோர்ட்டன் சமவெளி பார்த்துவிட்டு எல்ல போய்த் தங்குவது. இரண்டாம் நாள் ஒன்பது வளைவுப் பாலம், இராவணன் நீர்வீழ்ச்சி பார்த்துவிட்டு வெல்லவாய, புத்தல வழியாக இரவுக்குள் கதிர்காமம். மூன்றாம் நாள் காலையில் யால, பின்னேரம் தங்காலை. நாலாம் நாள் மிரிஸ்ஸ, காலிக் கோட்டை. ஐந்தாம் நாள் அதிவேகப் பாதையில் கொழும்புப் பக்கம் வந்து, அவிசாவளை, கினிகத்தேனை வழியாக வீடு.

எனக்குள்ள உண்மையான பயம் இறக்கம்தான். கினிகத்தேனை இறக்கம் பழக்கம், வாரத்தில் இரண்டு தடவையாவது ஓடுகிறேன். ஆனால் எல்லவிலிருந்து வெல்லவாய இறங்கும் பாதையில் ஒரு தடவைகூட வண்டி ஓட்டியதில்லை, அதுவும் ஏழு பேரும் சாமானும் ஏற்றிய பழைய வேனோடு. அந்தப் பக்கம் ஓடிப் பழகியவர்கள் சொல்லுங்கள்: எந்தப் பாதையில் இறங்குவது, எதை விடுவது, எந்த மாதம் போவது?

—

பண்டாரவளை சாரதி:

தம்பி, 26 வருஷமாக இந்தப் பக்கம் ஆட்களை ஏற்றி ஓடுகிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். உங்கள் முதல் நாள் சரிவராது. ஹோர்ட்டன் சமவெளிக்குக் காலை ஆறு மணிக்கே கேட்டடியில் நிற்க வேண்டும். அங்கே உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பில் ஒன்பது, பத்து மணிக்கு மேல் பனி மூடிவிட்டால் வெள்ளைச் சுவரைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். டிக்கோயாவிலிருந்து ஆறு மணிக்கு அங்கே நிற்பதென்றால் இரண்டரை, மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும். தூக்கம் இல்லாமல் கிளம்பி, பூங்காவில் நடந்து, அப்புறம் அதே ஆள் மலைப்பாதையில் எல்ல வரைக்கும் வண்டி ஓட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முந்தின நாள் பின்னேரமே வந்து நுவரெலியா பக்கம் தங்குங்கள். நட்சத்திர ஹோட்டல் வேண்டியதில்லை, தூங்கி எழும்ப ஒரு ரூம் போதும்.

உள்ளே நடைபாதை ஒரு வட்டம், கிட்டத்தட்ட 9 கிலோமீற்றர். சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி மூன்றும் அதில் வந்துவிடும். பெரிய உலக முடிவில் பாறை ஏறக்குறைய 870 மீற்றர் செங்குத்தாக இறங்குகிறது, மகளின் கையை விடவே வேண்டாம். அம்மாவுக்கு 9 கிலோமீற்றர் முடியாது. தங்கச்சியோ மச்சானோ ஒருவர் அவரோடு ஃபார் இன் என்கிற பார்வையாளர் நிலையத்துப் பக்கம் இருக்கட்டும். அங்கேயே மரை மான்கள் கிட்ட வந்து நிற்கும், பார்த்துக்கொண்டிருக்கலாம், சாப்பிட மட்டும் எதையும் கொடுக்கக் கூடாது. வாசலில் பையைத் திறந்து பொலித்தீன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், போத்தலில் சுற்றியிருக்கும் லேபிளைக்கூடக் கழற்றிவிடுவார்கள். சாப்பாட்டை டப்பாவில் கொண்டுவாருங்கள். எல்லோருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும், உள்நாட்டு டிக்கெட் விலை வேறு.

வெளியே வரும்போது, உள்ளே வந்த பட்டிப்பொலைப் பக்கம் திரும்ப வேண்டாம். ஓஹியாப் பக்கமாக இறங்கி, பொரலந்தை வழியாக ஹப்புத்தளைக்கு வாருங்கள். ஒடுங்கிய பாதை, இறக்கம் கூட, மெதுவாகத்தான் வர முடியும், ஆனால் இந்த மலையகத்தில் நான் ஓடிய பாதைகளிலேயே எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. ஒரு வளைவில் பைன் காடு, அடுத்ததில் பள்ளத்தாக்கில் மரக்கறித் தோட்டம், அதற்கு அடுத்ததில் ரயில் பாதை.

அப்புறம், எல்லவை விடுங்கள். உங்களுக்குத் தேயிலை மலையும் ரயில் பாலமும் புதிது இல்லை. அந்த இரவை ஹப்புத்தளையில் வையுங்கள். நகரமே மலை முதுகில் உட்கார்ந்திருக்கிறது, ஒரு பக்கம் பார்த்தால் ஊவாப் பள்ளத்தாக்கு, மறுபக்கம் தெற்குச் சமவெளி. வானம் நன்றாகத் தெளிந்த காலைகளில் தூரத்தில் கடல் ஒரு வெள்ளிக் கம்பி மாதிரித் தெரியும், நான் பார்த்திருக்கிறேன். நாளைக்கு அங்கேதான் போகப்போகிறோம் என்று மகளுக்குக் காட்டலாம். நேரம் இருந்தால் தம்பத்தென்னையைத் தாண்டி, சுற்றிலும் பார்க்கிற மலை உச்சியான லிப்டன் சீட்டுக்கும் காலையில் ஒரு தடவை ஏறுங்கள்.

இப்போது இறக்கம். எல்ல – வெல்லவாய பாதை 27 கிலோமீற்றர் அளவுக்குள் சுமார் 800 மீற்றர் இறங்குகிறது. 2025 செப்டம்பர் 4 இரவு 15 உயிர் போன பஸ் விபத்து நடந்தது இந்தப் பாதையில்தான். பயமுறுத்த எழுதவில்லை, நானும் மாதத்தில் பல தடவை இறங்குகிறேன். ஆனால் எந்தப் பாதையில் இறங்கினாலும் இவற்றைச் செய்யுங்கள். புறப்படுவதற்கு ஒரு கிழமை முன்னால் பிரேக் லைனர், டிஸ்க் பேட், பிரேக் ஒயில் மூன்றையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஒயில் பழசாகி அதில் தண்ணீர் ஏறியிருந்தால், நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்து, கால் மிதித்த இடத்தில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள், வேகம் ஏறிய பிறகு கியரைக் குறைக்கப் பார்க்காதீர்கள். பிரேக்கில் காலை ஒரேயடியாக வைத்துக்கொண்டு வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள், திரும்ப அழுத்துங்கள். எரிந்த வாசனை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி 20, 30 நிமிஷம் ஆற விடுங்கள். சூட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஏறி வருகிற வண்டிக்கு இடம் கொடுங்கள். இருட்டில் இறங்கவே வேண்டாம்.

—

கொஸ்லந்தை அக்கா:

தம்பி, சாரதி அண்ணா சொன்ன மாதிரி ஹப்புத்தளையில் தங்கினால் எல்லப் பக்கம் போகவே தேவையில்லை. பேரகலைக்கு இறங்கி, கொஸ்லந்தை, தியலும, வெல்லவாய என்று எங்கள் ஊர்ப் பாதையிலேயே வாருங்கள். இதுவும் இறக்கம்தான், வளைவும் நிறைய இருக்கிறது, ஆனால் இறக்கம் ஒரேயடியாக வராமல் விட்டு விட்டு வரும், எல்லப் பக்கம் மாதிரி வாகன நெரிசலும் கிடையாது.

தியலும நீர்வீழ்ச்சி 220 மீற்றர், பம்பரகந்தைக்கு அடுத்து நாட்டில் இரண்டாவது உயரம். பாதையோரத்தில் நின்றே முழுவதையும் பார்க்கலாம், அம்மா வேனை விட்டுக் கஷ்டப்பட்டு நடக்கத் தேவையில்லை. மேலே ஏறிக் குளிக்கிற குளங்களின் படங்களைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் வருகிறார்கள். பிள்ளைகளோடு தயவுசெய்து அங்கே ஏறாதீர்கள். பாறை வழுக்கும், மேலே எங்கேயோ மழை பெய்தால் தண்ணீர் சொல்லாமல் கூடிவிடும்.

ஒரு விஷயம் எழுதாமல் விட மனம் வரவில்லை. பேரகலைக்கும் கொஸ்லந்தைக்கும் இடையில் மேலே மலைப்பக்கம் பார்த்தீர்கள் என்றால் அங்கேதான் மீரியபெத்தைத் தோட்டம். 2014 ஒக்டோபர் 29 காலையில், பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருந்த நேரம், மண்சரிவில் லயங்கள், நம் ஆட்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போய்விட்டன. பள்ளிக்குப் போனதால் உயிர் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. எங்கள் சொந்தக்காரர்களும் அதில் போனார்கள். வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை அது, அதனால் வந்து பாருங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் நம் பிள்ளைகளோடு அந்தப் பாதையில் போகும்போது ஒரு நிமிஷம் வண்டியை ஓரம் கட்டி, இங்கே நம் ஆட்கள் இருந்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். மகனுக்கு 11 வயது என்கிறீர்கள், அவனுக்கு விளங்கும்.

இதனால்தான் மாதம் முக்கியம் என்று சொல்கிறேன். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைக்கும் ஊவா மலைகளில் மழை, மண் ஊறி நிற்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் பக்கமும் பட்டதுதான். ஏப்ரலில் காலை நன்றாக இருக்கும், பின்னேரம் இடியோடு மழை கொட்டும், அதனால் இரண்டு மணிக்கு முன்னால் மலையை விட்டு இறங்கிவிடுகிற மாதிரி நேரம் வையுங்கள். முந்தின இரவு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். பாதையில் ஏதும் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

வெல்லவாயவில் இறங்கியதும் சூடு முகத்தில் அடிக்கும். காலையில் ஸ்வெட்டரோடு புறப்பட்ட உடம்புக்கு அது திடீர் மாற்றம், அம்மாவுக்குத் தண்ணீர் அடிக்கடி கொடுங்கள். மதிய வெயில் தணியும் வரை இருக்க நிழல் வேண்டும் என்றால் வெல்லவாயவிலிருந்து தணமல்வில பக்கம் கொஞ்சம் போய் உள்ளே திரும்பினால் புதுருவாகல. ஒரே பாறையில் ஏழு உருவங்கள் செதுக்கியிருக்கிறார்கள், நடுவில் நிற்கும் புத்தர் 15 மீற்றருக்கு மேல் உயரம். சனம் குறைவு, மரநிழல், அமைதியான இடம்.

—

மஸ்கெலியா யாத்திரி:

எல்லோரும் ஏப்ரல் என்று முடிவு செய்துவிட்டார்கள் போல இருக்கிறது, நான் ஆகஸ்ட் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன்.

நான் மூன்று தடவை பாதயாத்திரை நடந்தவன். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கிழக்குக் கரையோரமாக நடந்து வருகிறவர்களோடு உகந்தையில் சேர்ந்துகொள்வோம். கதிர்காமத் திருவிழாக் கொடியேற்றத்தை ஒட்டி உகந்தையில் காட்டுப்பாதையைத் திறந்து விடுவார்கள். குமண, யால காடுகளுக்குள்ளே நாலைந்து நாள் நடந்து கதிர்காமத்தில் ஏறுவோம். அதே காட்டை ஜீப்பில் பார்க்கக் காசு கட்டுகிறார்கள், நாங்கள் அரோகரா சொல்லிக்கொண்டு அரிசி மூட்டையோடு கடக்கிறோம். அந்த ஆற்றங்கரை இரவுகளை என்னால் எழுதிக் காட்ட முடியாது.

உங்களுக்கு நடை வேண்டாம், வேனிலேயே போகலாம். ஆகஸ்ட் என்றால் தெற்குப் பக்கக் கடல் கொந்தளிப்பு, மே தொடக்கம் செப்டம்பர் வரைக்கும் அப்படித்தான். ஆனால் கிழக்குக் கடல் ஏப்ரலிலிருந்து அமைதியாகிவிடும். அதனால் மொனராகலை, சியம்பலாண்டுவ, லகுகல வழியாகப் பொத்துவில் போய், அறுகம்பையில் கடல் பார்த்து, பாணமை வழியாக உகந்தை முருகனைக் கும்பிட்டு, குமணவில் பறவையும் யானையும் பார்க்கலாம். குமணவில் யால அளவுக்கு ஜீப் கூட்டம் கிடையாது. லகுகலப் பக்கம் சாலையோரத்திலேயே யானை நிற்கும்.

ஆனால் நியாயமாகச் சொன்னால், உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்கு வேனில் காட்டுக்குள்ளால் போக முடியாது. திரும்பி மொனராகலை, புத்தல என்று சுற்றித்தான் வர வேண்டும், ஐந்து நாளில் அது இறுக்கம். திருவிழா நேரம் கதிர்காமத்தில் கால் வைக்க இடம் இருக்காது, 68 வயது அம்மாவோடு அந்த நெரிசலை யோசியுங்கள். அதோடு யாலவின் முதலாம் பிரிவை வழக்கமாக வறட்சிக்காகச் செப்டம்பரில் மூடி ஒக்டோபர் நடுவில் திறப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் தண்ணீர் வற்றிய குளங்களில் மிருகங்கள் கூடும், பார்ப்பதற்கு நல்ல நேரம்தான், ஆனால் தூசும் சூடும் கடுமை. ஆகவே கடல்தான் முக்கியம் என்றால் ஏப்ரல் தெற்கு, ஆகஸ்ட் கிழக்கு. இரண்டையும் கலக்க வேண்டாம்.

புத்தல – கதிர்காமம் பாதையைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். கிட்டத்தட்ட 50 கிலோமீற்றர் காடு. இந்தப் பாதையில் யானைகள் வாகனத்தை மறித்து நிற்கும். வாழைப்பழமும் தர்ப்பூசணியும் ஜன்னலால் கொடுத்துக் கொடுத்து நம் யாத்திரைக்காரர்கள் பழக்கிவிட்டது அது. கொடுக்காத வண்டிக்குள் தும்பிக்கையை விட்ட சம்பவங்கள் இருக்கின்றன, கண்ணாடி உடைந்திருக்கிறது, ஆட்கள் செத்தும் இருக்கிறார்கள். பக்தியோடு கொடுக்கிறோம் என்று நினைத்து அடுத்து வருகிற வண்டிக்கும் அந்த யானைக்கும் சேர்த்துத்தான் தீங்கு செய்கிறோம். உங்கள் திட்டத்தில் இரண்டாம் நாள் இருட்டுகிற நேரத்தில் இந்தப் பாதை வருகிறது, அதை மாற்றுங்கள். நாலு மணிக்கு முன்னால் கதிர்காமத்துக்குள் நுழைந்துவிட வேண்டும். பழத்தையும் கரும்பையும் வேனில் வெளியே தெரிகிற மாதிரி வைக்க வேண்டாம், வாசனையே போதும் அதற்கு. யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள், யாரும் இறங்காதீர்கள், அது போகும்வரை இருங்கள். பயமாக இருந்தால் வெல்லவாயவிலிருந்து தணமல்வில, திஸ்ஸ வழியாகச் சுற்றி வரலாம், கொஞ்சம் தூரம் கூடினாலும் ஆள் நடமாட்டம் உள்ள பாதை.

அம்மாவுக்கு ஒரு சந்தோஷச் செய்தி: கதிரமலைக்கு மேலே ஏற ஜீப் இருக்கிறது. மாணிக்க கங்கையில் காலை நனைத்துவிட்டு, மாலைப் பூசை பார்த்துவிட்டு, அடுத்த நாள் காலையில் மலைக்குப் போகலாம்.

—

டிக்கோயா வேன்:

மூன்று பேருக்கும் மிகவும் நன்றி. அக்கா, மீரியபெத்தையில் நிச்சயம் நிறுத்துவேன்.

ஏப்ரல் என்று முடிவு. எல்லவை விட்டாயிற்று, மச்சானுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். இன்னும் இரண்டு கேள்விகள்: யால ஜீப்புக்கு ஏழு பேருக்கும் சேர்த்துக் கேட்கிற காசு எங்களுக்குப் பெரிய தொகை, அது பெறுமதியா? திரும்பி வர அதிவேகப் பாதையைத் தவிர வேறு நல்ல வழி இருக்கிறதா?

—

தெனியாய டீச்சர்:

நான் மாத்தறை மாவட்டத்துத் தோட்டப் பள்ளியில் புவியியல் படிப்பிக்கிறேன். இங்கேயும் நம் ஆட்கள் இருக்கிறோம் என்பது மலையகத்தில் பலருக்கே தெரியாது. தெற்குப் பக்கம் நான் சொல்கிறேன்.

யாலவில் சிறுத்தையைக் காசு கொடுத்து வாங்க முடியாது. முதலாம் பிரிவு சிறுத்தைக்குப் பேர்போன இடம்தான், ஆனால் நான் மாணவர்களோடு போன இரண்டு தடவையும் காணவில்லை. ஒரு சிறுத்தை என்று போன் வந்தவுடன் எல்லா ஜீப்பும் ஒரே இடத்துக்குப் பறக்கும், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மகனின் ஆசையை விட வேண்டாம், ஆனால் அவனையும் அப்பாவையும் மட்டும் காலை ஜீப்பில் அனுப்புங்கள், தனியாக வருகிற இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து வாடகையைப் பங்கு போடலாம். மற்றவர்கள் அந்த நேரம் திஸ்ஸ வாவிக் கரையில் இருக்கட்டும், கடைசி மரம் வரைக்கும் கொக்கும் நாரையும். எல்லோரும் சேர்ந்து போகிற பூங்காவாக உடவளவையை வையுங்கள். 1972 இல் அந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றி அமைத்த பூங்கா, திறந்த புல்வெளி, யானைக் கூட்டத்தைக் காணாமல் திரும்புவது அபூர்வம், 6 வயதுப் பிள்ளைக்கு அதுதான் சரி. பக்கத்திலேயே தாயை இழந்த யானைக்குட்டிகளைக் காட்டுக்கே திருப்பி விடுவதற்காக வளர்க்கிற நிலையமும் இருக்கிறது, பால் கொடுக்கிற நேரம் பார்க்கலாம்.

புவியியல் டீச்சர் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தண்ணீர் போகிறது. நீங்கள் பார்க்கப்போகிற பேக்கர் நீர்வீழ்ச்சி பெலிஹுல் ஓயாவில் விழுகிறது, அது வளவையோடு சேர்ந்து, உடவளவை நீர்த்தேக்கத்தில் தங்கி, அம்பலாந்தோட்டையில் கடலுக்குப் போகிறது. திஸ்ஸவிலிருந்து தங்காலைக்குப் போகும்போது அம்பலாந்தோட்டைப் பாலத்தில் அந்த ஆற்றை நீங்கள் கடப்பீர்கள். மகனிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள், நாலு நாளும் அவனுக்கு ஒரு வேலை இருக்கும்.

கடல். தெற்குக் கரையில் பார்க்க அழகாக இருக்கிற இடமெல்லாம் குளிக்கிற இடம் இல்லை. தங்காலைப் பக்கம் சில கரைகளில் அலை பின்னால் இழுக்கும், நம் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாது, ஆற்றில் குளித்த பழக்கம் கடலுக்கு உதவாது. மாத்தறைக்குப் பக்கத்தில் பொல்ஹேனவில் பவளப்பாறை அலையை வெளியிலேயே உடைத்துவிடும், உள்ளே முழங்கால் அளவுத் தண்ணீர். அங்கே போங்கள். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கிற படகு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, ஆனால் சின்னவளுக்கும் அம்மாவுக்கும் வாந்தியில் அந்த நாளே போய்விடும், அதை விடலாம்.

காலி வரைக்கும் போகாவிட்டாலும் தெய்வேந்திரமுனையை விடாதீர்கள். நாட்டின் தென்கோடி, கலங்கரை விளக்கம் இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது தென்னாவரம், இதே இடத்தின் பழைய பெயர். பெரிய கோயில் இருந்த துறைமுகம் அது, 16 ஆம் நூற்றாண்டின் கடைசியில் போர்த்துக்கேயர் இடித்தார்கள். காலியில் 1911 இல் கிடைத்த ஒரு கல்வெட்டில், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ 1409 இல் எழுதுவித்தது, சீனம், தமிழ், பாரசீகம் மூன்று மொழியும் இருக்கின்றன. தமிழ்ப் பகுதி அந்தக் கோயில் தெய்வமான தென்னாவர நாயனாருக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது. அந்தக் கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில். கடலைப் பார்த்துக்கொண்டு அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

திரும்புவதற்கு: தங்காலையிலிருந்து எம்பிலிப்பிட்டிய, உடவளவை, அப்புறம் பலாங்கொடை. அங்கிருந்து பொகவந்தலாவை வழியாக ஏறினால் நோர்வூட், டிக்கோயா. ஒடுங்கிய பாதை, பகலில் மட்டும் போங்கள், பலாங்கொடையில் ஒரு தடவை நிலைமையைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். வந்த பாதையில் திரும்பாமல் நேராக உங்கள் வீட்டு வாசலுக்கே வரலாம்.

ஏப்ரல் 13, 14 இல் போக வேண்டாம். தெற்கில் கடையெல்லாம் பூட்டு, சாப்பாட்டுக்கு அலைவீர்கள், நுவரெலியாவில் சீசன் நெரிசல். புத்தாண்டு கழிந்து ஒரு மூன்று நாள் விட்டுக் கிளம்புங்கள்.

—

டிக்கோயா வேன்:

போய்வந்துவிட்டோம். அடுத்து போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பிரேக் ஒயில் கறுத்துப் போயிருந்தது, மாற்றினோம். பின் லைனர் ஒரு பக்கம் தேய்ந்து முடிந்திருந்தது. சாரதி அண்ணா சொல்லாவிட்டால் அப்படியே ஏறியிருப்பேன். கொஸ்லந்தைப் பாதையில் முழுக்க இரண்டாம் கியர், இரண்டு இடத்தில் நிறுத்தி ஆற விட்டோம், வாசனை வரவே இல்லை.

உலக முடிவில் ஏழே முக்காலுக்கு நின்றோம், கீழே தோட்டங்கள் எல்லாம் தெரிந்தன. எட்டரைக்குப் பனி வந்துவிட்டது. போத்தல் லேபிளை வீட்டிலேயே கழற்றிக்கொண்டு போனதால் வாசலில் நேரம் மிச்சம்.

மீரியபெத்தைக்குக் கீழே நிறுத்தினோம். அம்மா வேனை விட்டு இறங்கி நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டார். அந்த வருஷம் எங்கள் தோட்டத்திலிருந்தும் அரிசியும் துணியும் சேர்த்து அனுப்பினோம் என்று மகனிடம் சொன்னார், எனக்கே அது மறந்து போயிருந்தது.

புத்தலப் பாதையில் இரண்டரை மணிக்கு ஒரு கொம்பன். எங்களுக்கு முன்னால் போன கார் கண்ணாடியை இறக்கிப் பழம் கொடுத்தது. நாங்கள் 25 நிமிஷம் தூரத்திலேயே நின்றோம், மகள் என் சட்டையைப் பிடித்தபடி சத்தமே போடவில்லை. அந்த கார்க்காரர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

யாலவில் சிறுத்தை இல்லை. கரடி ஒன்று பாதையைக் கடந்தது, மகனுக்கு அது போதும் என்றாகிவிட்டது. உடவளவையில் யானைகளை எண்ணி எண்ணி 40 க்கு மேல் விட்டுவிட்டோம். பொல்ஹேனவில் மகளைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்கத்தான் கஷ்டப்பட்டோம். பொகவந்தலாவைப் பாதையில் சில இடங்கள் மோசம், ஆனால் மூன்று மணிக்குள் ஏறிவிட்டதால் பிரச்சினை இல்லை.

டீச்சர், அம்பலாந்தோட்டைப் பாலம் வருவதற்கு முன்பே மகன் போனில் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு முன் சீட்டுக்கு வந்துவிட்டான். பாலம் தாண்டியதும் ஓரம் கட்டச் சொன்னான். பேக்கர் நீர்வீழ்ச்சியில் சில்லென்று முகத்தில் தெறித்த தண்ணீர் அங்கே அகலமாக, மண் நிறத்தில், அசையாத மாதிரி போய்க்கொண்டிருந்தது. எத்தனை நாளில் இங்கே வந்திருக்கும் என்று கேட்டான், எனக்குப் பதில் தெரியவில்லை. உடவளவையில் தேங்கி நிற்கிற நாளையும் சேர்த்து எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று சொல்ல முடியுமா? தினமும் கேட்கிறான்.